அரச குடும்பங்களின் நட்பால் நாட்டுக்கு என்ன பயன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் மாதம் ஜப்பான் பேரரசர் நருஹிதோவும் பிரிட்டன் மன்னர் சார்லஸும் லண்டனில் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலமாகப் போன படங்கள் வந்தபோது, "இந்தக் காலத்தில் ராஜாவும் ராஜாவும் சிநேகமாக இருந்தால் யாருக்கு என்ன வந்தது?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். ஜப்பான் அரச குடும்பத்தின் வெளிநாட்டு உறவுகளைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறவன் நான், அதனால் இந்தக் கேள்விகள் என் பக்கம்தான் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஜப்பானைச் சுற்றியே இருக்கும். போரில் எதிரியாக நின்ற நாடுகளோடு அறுந்துபோன உறவைத் திரும்ப முடிச்சுப்போட வேண்டிய நிலை அந்தக் குடும்பத்துக்கு வந்தது போல வேறு எதற்கும் வரவில்லை.

அதிகாரமே இல்லாத மன்னர்கள் நண்பர்களாக இருந்து என்ன ஆகப்போகிறது?

ஒப்பந்தம் ஆகாது, வரி குறையாது, படை நகராது. ஜப்பானின் 1947 அரசியலமைப்பின் 4வது பிரிவு, பேரரசருக்கு ஆட்சி அதிகாரம் எதுவும் கிடையாது என்று தெளிவாகவே சொல்கிறது. எந்த நாட்டுக்கு எப்போது அரசுமுறைப் பயணம் போவது என்பதைக்கூட அமைச்சரவைதான் முடிவு செய்யும்.

ஆனால் அவர்களிடம் காலம் இருக்கிறது. அகிஹிதோ 1989 முதல் 2019 வரை பேரரசராக இருந்த 30 வருடத்தில் ஜப்பானில் 17 பேர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். எலிசபெத் மகாராணி தன் 70 வருடத்தில் 15 பிரதமர்களைப் பார்த்தார். ஒரு பிரதமர் இன்னொரு நாட்டுப் பிரதமரோடு மனம்விட்டுப் பேசும் அளவுக்குப் பழகுவதற்குள் யாராவது ஒருவர் தேர்தலில் தோற்றிருப்பார். அரச குடும்பங்களிலோ 19 வயதில் பார்த்துப் பழகியவரை 80 வயதிலும் போய்ப் பார்க்க முடிகிறது, நடுவில் பிள்ளைகள் பிறந்து அவர்களும் பழகிவிடுகிறார்கள். இரண்டு நாட்டுக்கு நடுவில் ஐந்து வருடத்தில் தீராத மனக்கசப்புகள் உண்டு. ஐம்பது வருடம் பொறுமையாக உடன் இருக்கக்கூடிய ஆள் யாராவது வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முக்கியமாக அதைத்தான்.

சரி, சாதாரண மனிதன் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பயன் சொல்லுங்கள்.

கையில் எடுத்துத் தின்கிற மாதிரியே சொல்கிறேன். அது ஒரு மீன்.

1964 டிசம்பரில், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிதோவும் மனைவி மிச்சிகோவும் தாய்லாந்து போனார்கள். மன்னர் பூமிபாலுக்கு அந்தச் சமயத்தில் ஒரு கவலை: கடலிலிருந்து தள்ளியிருக்கும் கிராமங்களிலும் மலைப்பகுதிகளிலும் மக்களுக்குப் புரதச் சத்துள்ள சாப்பாடு போதவில்லை. அகிஹிதோ தொட்டியில் மீன் வளர்த்து அழகு பார்க்கிற ஆள் இல்லை. உளுவை மீன் இனங்களை ஆராய்ந்து அறிவியல் இதழ்களில் கட்டுரை எழுதியவர். குளத்தில் விட்டால் வேகமாகப் பெருகும், கிடைத்ததைத் தின்று வளரும், பெரிய செலவு வைக்காது என்று அவர் நைல் திலேப்பியாவைச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, 1965 மார்ச்சில் 50 மீன்களை அனுப்பி வைத்தார். அந்த மீன் ஜப்பானுக்கும் சொந்தமில்லை, சில வருடங்களுக்கு முன்னால் எகிப்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தது.

பூமிபால் அவற்றை பாங்காக்கில் தன் சித்ரலதா அரண்மனைக் குளத்தில் விட்டார். ஒரே வருடம்தான். 1966 மார்ச்சில் அரண்மனைக் குளத்திலிருந்து 10,000 குஞ்சுகள் மீன்வளத் துறைக்குப் போயின, அங்கிருந்து பண்ணைகளுக்கும் ஊர்க் குளங்களுக்கும். மன்னர் அதற்கு "ப்லா நின்" என்று பெயர் வைத்தார். ப்லா என்றால் மீன். அடுத்த சொல்லை "நில்" என்று எழுதி "நின்" என்று உச்சரிக்கிறார்கள். நிலோட்டிகா என்ற அறிவியல் பெயரின் தலைப்பகுதி அது, நம் "நீலம்" எந்த வடசொல்லோடு சேர்ந்ததோ அதிலிருந்து தாய் மொழிக்குப் போன, கரிய மணிக்கல்லைக் குறிக்கும் சொல்லும் அதுதான்.

பாங்காக் தெருவோரங்களில் முழு மீனின் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லைச் செருகி, மேலெல்லாம் உப்பை வெள்ளையாக அப்பி, கரியடுப்பில் மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலை உப்போடு சேர்த்து உரித்துப் போட்டால் உள்ளே வெள்ளைச் சதை ஆவி பறக்கும். அப்படிச் சுடும் மீன் பெரும்பாலும் ப்லா நின்தான். நம்மூரில் ஜிலேபி கெண்டை என்கிறோமே, அதன் நெருங்கிய உறவு. இன்னொரு சேதியும் உண்டு. 1980களின் கடைசியில் பிலிப்பைன்ஸில் "கிஃப்ட் திலேப்பியா" ரகத்தை உருவாக்க எட்டு இடங்களிலிருந்து மீன்களைக் கொண்டுவந்து கலந்தார்கள், அதில் ஒன்று தாய்லாந்து மீன். இன்று தமிழ்நாட்டுப் பண்ணைக் குட்டைகளில் வளர்ப்பதும் அந்த கிஃப்ட் ரகம்தான்.

இதை இரண்டு அரசாங்கங்களே செய்திருக்கலாமே என்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் நடந்தது இப்படித்தான்: ஒருவர் தன் கவலையைச் சொன்னார், வந்த விருந்தாளி அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அனுப்பினார், வாங்கியவர் அதைத் தன் வீட்டுக் குளத்திலேயே விட்டுப் பார்த்துக்கொண்டார். கோப்பு எதுவும் மேசை மேசையாக நகரவில்லை. எனக்கு இந்தக் கதை அலுக்கவே அலுக்காது.

இப்படிக் கொடுக்கிற எல்லாமே நல்லதாகவா முடிகிறது?

இல்லை. அதே அகிஹிதோ 1960இல் அமெரிக்கா போனபோது சிகாகோ மேயர் புளூகில் என்ற மீனைப் பரிசாகக் கொடுத்தார். உணவுக்காகும் என்று நம்பி ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். அது ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று அழித்தது. 2007இல் பிவா ஏரிக்கரை ஊரான ஓட்சுவில் நடந்த ஒரு விழாவில் அதைக் கொண்டுவந்தது தான்தான் என்று சொல்லி, மனம் வருந்துவதாகப் பேரரசரே வெளிப்படையாகப் பேசினார். பேரரசர் ஒருவர் ஊர் கூடிய இடத்தில் தன் தவறைச் சொல்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை, அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

ராஜாக்கள் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருந்தும் முதல் உலகப்போர் வந்ததே?

வந்தது. இந்த நட்பையெல்லாம் புகழ்கிற யாரும் தாண்டிப் போக முடியாத கேள்வி இது.

1913 மே மாதம் பெர்லினில் ஜெர்மன் கெய்சர் வில்ஹெல்மின் மகளுக்குக் கல்யாணம். பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸும் வந்திருந்தார்கள். நம் முறையில் சொன்னால் வில்ஹெல்ம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ஜார்ஜ் நிக்கோலஸுக்குப் பெரியம்மா மகன், அதாவது அண்ணன் முறை. பதினைந்து மாதம் கழித்து மூன்று பேரின் படைகளும் களத்தில் நின்றன.

1914 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை வில்ஹெல்மும் நிக்கோலஸும் மாற்றி மாற்றித் தந்தி அடித்துக்கொண்டார்கள். தந்திகள் ஆங்கிலத்தில், கையெழுத்து வெறும் "வில்லி", "நிக்கி". பிரச்சினையை ஹேக் நீதிமன்றத்திடம் விட்டுவிடலாம் என்று நிக்கோலஸ் ஒரு தந்தியில் சொல்லவும் செய்தார், அது கண்டுகொள்ளப்படாமலே போனது. அதற்குள் தளபதிகள் ரயில் அட்டவணைப்படி படைகளைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது.

என் பார்வையில் இவர்களுக்குள் இருந்தது உறவு, நட்பு என்று சொல்ல முடியாது. யார் கப்பற்படை பெரியது, யாருக்கு எவ்வளவு நிலம் என்று ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே வளர்ந்தவர்கள். நம்மூரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். அதோடு வில்ஹெல்முக்கும் நிக்கோலஸுக்கும் உண்மையான அதிகாரம் இருந்தது. போரைத் தொடங்கும் அதிகாரமும் பாசமும் ஒரே கையில் இருந்தால் தளபதி வந்து கதவைத் தட்டும்போது பாசம்தான் முதலில் எழுந்து போகிறது.

ஆபத்துக்காவது உதவியிருக்கிறார்களா?

ஒரு தடவை கைவிட்டார்கள், ஒரு தடவை தாங்கினார்கள், இரண்டும் ஒரே அரண்மனையில்.

1917இல் நிக்கோலஸ் பட்டம் துறந்தபோது பிரிட்டிஷ் அரசு முதலில் அடைக்கலம் தரச் சம்மதித்தது. பிறகு ஐந்தாம் ஜார்ஜ் தன் மக்கள் தன்மேலேயே வெறுப்பைத் திருப்புவார்கள் என்று பயந்து, அது வேண்டாம் என்று தன் செயலர் மூலம் அரசை நெருக்கினார். அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. நிக்கோலஸும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் 1918 ஜூலை 17 அன்று எகாதெரின்பர்க்கில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1940 மே 13, விடியற்காலை ஐந்து மணி. பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜை எழுப்பி, நெதர்லாந்து மகாராணி வில்ஹெல்மினா தொலைபேசியில் இருக்கிறார் என்றார்கள். ஜெர்மானியர் நுழைந்துவிட்டார்கள், விமானங்கள் அனுப்புங்கள் என்று கேட்டார் அவர். அன்று மாலையே அவர் கப்பலேறி இங்கிலாந்து வந்து, ரயிலில் லண்டன் லிவர்பூல் தெரு நிலையத்தில் இறங்கியபோது மன்னரே நடைமேடையில் நின்று வரவேற்றார். அடுத்த மாதம் நார்வே மன்னர் ஏழாம் ஹாக்கோனும் வந்து சேர்ந்தார், ஜார்ஜுக்கு அவர் மாமா முறை, அத்தையின் கணவர். இரண்டு பேரும் லண்டனில் இருந்தபடியே வானொலியில் தம் மக்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள், பிடிபட்ட நாட்டில் ஒளித்துவைத்த வானொலிப் பெட்டிகளில் அந்தக் குரல் கேட்டது.

நம் மன்னர்களுக்குள் இப்படி உண்டா?

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைச் சொல்லலாம். சுமாத்திரா, மலாயாப் பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூடாமணி வர்மன் பெயரில் சோழ நாட்டில் ஒரு பௌத்த விகாரம் கட்டினார், சைவரான ராஜராஜ சோழன் சுமார் 1006இல் அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். இருபது வருடத்துக்குள், 1025இல், அவன் மகன் ராஜேந்திரன் கடல் கடந்து அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கி மன்னனைச் சிறைபிடித்தான். கடாரம் கொண்டான் என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சுமார் 1090இல் கடாரத்து மன்னனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து விண்ணப்பிக்க, அவன் அதே விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு கொடுத்தான். அதாவது போருக்குப் பிறகும் விகாரம் இடிக்கப்படாமல் நின்றிருக்கிறது, இரண்டு தலைமுறை கழித்துப் பேச்சை மீண்டும் தொடங்க ஒரு காரணமாகவும் அது இருந்திருக்கிறது. ராஜராஜன் காலக் கொடையையும் குலோத்துங்கன் காலக் கொடையையும் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டதால் ஆய்வாளர்கள் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்பார்கள்.

நட்பு உண்மையா, சும்மா நெறிமுறைச் சிரிப்பா என்று எப்படித் தெரியும்?

அரண்மனை வெளியிடும் வாழ்த்துச் செய்திகளை வைத்துத் தெரியாது. வழக்கத்தை மீறுகிற இடங்களில் தெரியும்.

1953 ஜூனில் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு ஜப்பான் சார்பாக வந்தவர் 19 வயது அகிஹிதோ. போர் முடிந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது, பிரிட்டனில் ஜப்பான்மேல் கோபம் ஆறவில்லை. முடிசூட்டு விழா முடிந்த நாலாவது நாள் எப்சமில் டெர்பி குதிரைப் பந்தயம். எலிசபெத் அந்தப் பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பந்தயம் பார்த்தார். ஒரு பிற்பகல் நேரம், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். 2012இல் இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில், 78 வயதில், அகிஹிதோ எலிசபெத்தின் வைர விழா விருந்துக்கு லண்டன் போனார்.

அதே 1953 பயணத்தில் பெல்ஜியத்தில் பழக்கமானவர் இளம் மன்னர் போதுவான். அவர் 1993இல் இறந்தபோது அகிஹிதோவும் மிச்சிகோவும் பிரஸ்ஸல்ஸ் போய் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்கள். ஜப்பான் பேரரசர் வெளிநாட்டு இறுதிச் சடங்குக்குப் போனது அதுவே முதல் தடவை. 2014இல் போதுவானின் மனைவி ஃபபியோலா இறந்தபோது மிச்சிகோ 80 வயதில் தனியாகப் போய்வந்தார்.

பூமிபால் 2016 அக்டோபரில் இறந்தார். 2017 மார்ச்சில் வியட்நாம் பயணத்தை முடித்த அகிஹிதோவும் மிச்சிகோவும் நேரே வீடு திரும்பாமல் பாங்காக்கில் இறங்கி, அரண்மனையில் வைத்திருந்த நண்பரின் உடலுக்கு முன் தலைவணங்கினார்கள். மீன் அனுப்பி 52 வருடம் ஆகியிருந்தது.

போரில் பட்ட காயம் விருந்து சாப்பிட்டால் ஆறிவிடுமா?

விருந்தால் ஆறாது. நெதர்லாந்து விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1942இல் ஜப்பான் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளைப் பிடித்தது, இன்றைய இந்தோனேசியா. பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் ஒரு லட்சம் டச்சுப் பொதுமக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 1971இல் அகிஹிதோவின் அப்பா, போர்க்காலப் பேரரசர் ஹிரோஹிதோ நெதர்லாந்து வந்தபோது ஒருவர் தெர்மாஸ் பிளாஸ்க்கை வீசி அவர் காரின் கண்ணாடியை உடைத்தார். 1989இல் ஹிரோஹிதோ இறந்தபோது உலகத்து அரச குடும்பங்கள் டோக்கியோவில் கூடின, டச்சுக் குடும்பத்திலிருந்து ஒருவரும் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் மட்டும் போனார்.

1991இல் மகாராணி பியாட்ரிக்ஸ் டோக்கியோ போனார். அகிஹிதோ கொடுத்த அரசு விருந்தில், விருந்து கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முகாம்களில் தன் மக்கள் பட்ட பாட்டை மறைக்காமல் பேசினார். இதை ஒரு வெளியுறவு அமைச்சர் பேசியிருந்தால் மறுநாள் பதில் அறிக்கை வந்திருக்கும். அகிஹிதோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 2000 மே மாதம் அவர் ஆம்ஸ்டர்டாம் வந்து, டாம் சதுக்கத்தில் போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்து மௌனமாக நின்றார். பழைய கைதிகளில் சிலருக்கு அது போதவில்லை, அவர்கள் எதிர்ப்பும் நியாயமானதுதான்.

அப்புறம் 2006 ஆகஸ்ட். அகிஹிதோவின் மகன் நருஹிதோவின் மனைவி மசாகோ அரண்மனை வாழ்க்கையின் அழுத்தத்தால் மனநோய்க்கு ஆளாகி இரண்டு வருடத்துக்கு மேல் பொது நிகழ்ச்சிகளிலிருந்து விலகி இருந்தார். பியாட்ரிக்ஸ் அவர்கள் குடும்பத்தையே ஆப்பெல்டோர்னில் உள்ள தன் பழைய மாளிகைக்கு விடுமுறைக்குக் கூப்பிட்டார், இரண்டு வாரம், அரசு வேலை எதுவும் இல்லாமல். பியாட்ரிக்ஸின் கணவர் கிளவுஸ் பல வருடம் மன அழுத்த நோயோடு போராடி 2002இல் இறந்தவர், அதனால் அந்த அழைப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வது கடினமில்லை. மசாகோவின் நாலு வயது மகள் ஐகோவும் டச்சு இளவரசியின் சின்னப் பிள்ளைகளும் தோட்டத்தில் ஒன்றாக நிற்கும் படம் உண்டு, மசாகோ அதில் சிரித்துக்கொண்டிருப்பார். கார்க் கண்ணாடி உடைந்த நாட்டில் 35 வருடம் கழித்து அந்தக் குடும்பத்து மருமகள் உடம்பும் மனசும் தேறப் போய்த் தங்கினார். 2013இல் பியாட்ரிக்ஸின் மகன் வில்லெம் அலெக்சாண்டர் மன்னரானபோது, மசாகோ பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அரசுமுறை வெளிநாட்டுப் பயணம் போனதும் அங்கேதான்.

பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே பாதை. ஹிரோஹிதோவுக்கு 1929இல் கொடுத்த கார்ட்டர் என்ற உயரிய பிரிட்டிஷ் பட்டத்தை 1941இல் பறித்தார்கள், 1971இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருடம் லண்டன் கியூ பூங்காவில் அவர் நட்ட மரத்தை யாரோ வெட்டி வேரில் ரசாயனம் போட்டார்கள். 1998இல் அகிஹிதோ லண்டன் வந்தபோது பழைய போர்க் கைதிகள் சாலையோரம் வரிசையாக நின்று, வண்டி வரும்போது முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். 2024இல் அதே சாலையில் நருஹிதோ போனார், யாரும் முதுகைத் திருப்பவில்லை. ஆறியது பாதி, ஆட்கள் மறைந்துவிட்டது பாதி என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

காயம்பட்ட எல்லோருக்கும் இந்த மருந்து கிடைத்ததா?

கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

அந்த பிரிட்டிஷ், டச்சுக் கைதிகளில் பலர் வேலை செய்து செத்தது சயாம்–பர்மா ரயில் பாதையில். அதில் 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்து, 12,000க்கும் மேல் இறந்தார்கள். அவர்களோடு அதே காட்டில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பங்கு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுபோன தமிழர்கள். நம் பெரியவர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்கள் காலராவில் விழுந்த இடத்திலேயே குழியில் தள்ளப்பட்டார்கள், எண்ணிக்கைகூட மதிப்பீடுதான்.

டச்சுக்காரர்களுக்காக டோக்கியோ விருந்தில் பேச பியாட்ரிக்ஸ் இருந்தார். பிரிட்டிஷ் கைதிகளின் கோபம் லண்டன் சாலையில் பேரரசரின் கண்ணுக்கு எட்டியது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அரச நட்பு செய்கிற நல்லதை நான் மறுக்கவே மாட்டேன், ஆனால் அது மேசையில் இடம் உள்ளவர்களின் துக்கத்தை மட்டும்தான் முதலில் கேட்கிறது.

அதிகாரம் உள்ள மன்னர்களிடம் இது எப்படி வேலை செய்கிறது?

வளைகுடாவில் நட்பும் பகையும் நேரடியாகக் கொள்கைதான். 2017 ஜூனில் சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை அறுத்து எல்லையை மூடின. எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் கொண்டான் கொடுத்தான் உள்ள குடும்பங்கள் பிரிந்தன. அப்போது ஜித்தாவுக்கும் தோஹாவுக்கும் ரமலான் மாதத்தில் பறந்து பறந்து சமாதானம் பேசியவர் குவைத் அமீர் ஷேக் சபாஹ், வயது 88ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 40 வருடம் வெளியுறவு அமைச்சராக இருந்து எல்லா வீட்டுப் பெரியவர்களையும் நேரில் அறிந்தவர் என்பதால்தான் எல்லாக் கதவும் அவருக்குத் திறந்தது. 2020 செப்டம்பரில் அவர் இறந்தார், 2021 ஜனவரியில் சவுதியின் அல் உலாவில் சமாதானம் கையெழுத்தானது.

கெட்ட பக்கமும் உண்டு. ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸுக்கு சவுதி அரச குடும்பத்தோடு பழைய நட்பு. 2008இல் சவுதியிலிருந்து வந்த 10 கோடி டாலரைப் பற்றி சுவிட்சர்லாந்து அரசு வழக்கறிஞர் விசாரித்தார், 2021 டிசம்பரில் யார்மேலும் குற்றச்சாட்டு இல்லாமல் அதை முடித்தார். வழக்கு இல்லை என்றாலும் மக்கள் மனதில் கேள்வி நின்றுவிட்டது. நண்பர்கள் கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லாதபோது இதுதான் ஆகும், இந்த விஷயத்தில் நான் கறார்.

இந்தியா போன்ற குடியரசுக்கு இந்த வாய்ப்பே இல்லையா?

குடும்பம் இல்லை, ஆனால் இடங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 1960 நவம்பரில் இளவரசர் அகிஹிதோ டெல்லியில் இந்திய சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டினார். 53 வருடம் கழித்து, 2013இல், இந்தியாவுக்கு வந்த முதல் ஜப்பான் பேரரசராக மிச்சிகோவோடு அதே இடத்துக்குத் திரும்பப் போனார். அந்தப் பயணத்தில் டெல்லிக்கு அடுத்து அவர்கள் வந்த ஒரே ஊர் சென்னை. கலாக்ஷேத்திராவுக்குப் போனார்கள், கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனார்கள், தரமணியில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான மையத்துக்கும் போனார்கள். 1960இல் அவர்களை வரவேற்ற தலைவர்கள் அப்போது யாரும் பதவியில் இல்லை, உயிரோடும் இல்லை. விருந்தாளி மட்டும் அதே ஆள்.

அடுத்த தலைமுறையிலும் இது தொடருமா?

ஐரோப்பாவில் தொடரும். நெதர்லாந்தில் அமாலியா, பெல்ஜியத்தில் எலிசபெத், நார்வேயில் இங்ரித் அலெக்சாண்ட்ரா, ஸ்பெயினில் லியோனோர் என்று வரிசையாகப் பெண்கள் அரியணைக்குக் காத்திருக்கிறார்கள், எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள்.

ஜப்பானில்தான் எனக்குக் கவலை. ஆப்பெல்டோர்ன் தோட்டத்தில் நின்ற அந்த நாலு வயது ஐகோ, பெல்ஜியத்து எலிசபெத்தைவிட ஐந்து வாரம்தான் இளையவர், அமாலியாவைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். ஆனால் 1947ஆம் ஆண்டு அரச குடும்பச் சட்டப்படி ஆண் வாரிசுக்கு மட்டும்தான் அரியணை, இளவரசி வெளியாரைக் கல்யாணம் செய்தால் அரச குடும்பத்தையே விட்டு வெளியேற வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அவர் டோக்கியோவில் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.